கவாத்தும் கற்பித்தலும்: காவற்பள்ளி ஆசிரியர்க்குரிய தகுதிகள்

கல்லூரியில் தமிழ் கற்பிக்க வருபவர் முதுகலைப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். அதன்மேல் பல்கலைக்கழக மானியக் குழு 1989 முதல் நடத்திவரும் தேசியத் தகுதித் தேர்விலோ, மாநிலத் தகுதித் தேர்விலோ தேறியிருத்தல் வேண்டும். அன்றேல் முனைவர் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். பள்ளி ஆசிரியர்க்குக் கல்வியியல் பட்டம் முன்பே உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திற்குப் பின்னர் ஆசிரியர் தகுதித் தேர்வும் அதனோடு சேர்ந்தது. இவையெல்லாம் போகட்டும். கார் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர்க்குக்கூட, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்தாண்டு ஓட்டுநர் அனுபவம், மோட்டார் இயந்திரவியற் சான்றிதழ் ஆகியவற்றை வரையறுத்துள்ளன.

அவ்வாறாயின், ஒருவரைக் கைது செய்யவும், வீடு புகுந்து சோதனையிடவும், வேண்டுமிடத்துத் துப்பாக்கி எடுக்கவும் அதிகாரம் பெறும் காவலர்க்குக் கற்பிப்பவர்க்கு வேண்டிய குறைந்த அளவுத் தகுதி யாது? இவ்வினாவை எம்முள் எழுப்பியவர் எம் துறையில் இளங்கலை பயின்று, சீருடைப் பணியாளர் தேர்வில் வென்று, இன்று இரண்டாம் நிலைக் காவலராக உள்ள ஒரு மாணவர். ஒரத்தநாட்டை அடுத்த சிற்றூரில் விவசாயக் கூலிக் குடும்பத்திற் பிறந்தவர். பயிற்சி முடிந்து விடுப்பில் வந்தபோது எம்மைக் காண வந்தார்.

"அங்கே இரண்டு விதமான வகுப்பு, ஐயா" என்றார். "விடியலில் ஓட்டமும் கவாத்தும். மதிய உணவுக்குப் பின் சட்ட வகுப்பு. ஒருவர் புத்தகத்தை வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். பாதிப் பேர் உட்கார்ந்தபடியே உறங்குவார்கள். உறங்கினால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். சட்டம் என்றாலே ஓட்டம்தான் நினைவுக்கு வருகிறது."

பின்னர் மற்றொருவரைப் பற்றிச் சொன்னார். ஓய்வு பெறும் வயதை அடைந்துகொண்டிருந்த உதவி ஆய்வாளர் அவர். புத்தகம் கொண்டுவருவதில்லை. மாணவருள் இருவரை எழுப்பி, "நீ மேல்மடைக்காரன், நீ கீழ்மடைக்காரன்; நள்ளிரவில் மடையை அடைத்ததற்காக அடிதடி. இப்போது நிலையத்துக்கு வந்திருக்கிறீர்கள்" என்பாராம். மூன்றாமவர் புகாரைக் கேட்டு எழுதவேண்டும். நகரத்திலிருந்து வந்த பயிற்சிக் காவலர் ஒருவர், 'எதிரி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டார்' என்று எழுதிவிட்டார். வகுப்பே சிரித்திருக்கிறது. அந்த உதவி ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தத் தாளை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு நிற்பாயா? வழக்கே இந்த ஒரு சொல்லில் போயிற்று" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாராம். மடை, மதகு, வரப்பு வெட்டுதல், முறைப்பாசனம் ஆகிய சொற்களை அன்று மாலையே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார். எம் மாணவர்க்கு அவை பிறந்தபோதே தெரிந்த சொற்கள். ஆயினும், புகார் சொல்பவர் சொன்ன சொல்லிலேயே புகாரை எழுதவேண்டும் என்பது அன்றுதான் தெரிந்ததாம்.

இருவரும் ஒரே பள்ளியில், ஒரே பதவிப் பெயரில் பணியாற்றியவர்கள். ஒருவர் கற்பித்தார், ஒருவர் வாசித்தார். இரண்டாமவர் போன்றோர் வாய்ப்பது மாணவரின் நற்பேற்றைப் பொறுத்ததாக இருக்கலாகாது. தகுதி விதி எனப்படுவது ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் விளக்கம் தேவையில்லை.

கவாத்து என்னும் சொல்

தமிழ் ஆசிரியர் ஆதலின் சொல்லைப் பற்றிச் சிறிது கூறாமல் நகர இயலவில்லை. நம் மாநிலக் காவற்பள்ளிகளில் கற்பிப்போர் இருவகையினர்: சட்டபோதகர், கவாத்துபோதகர். கவாத்து என்பது 'கவாயித்' என்னும் அரபுச் சொல் உருது வழியாகத் தமிழுக்கு வந்து திரிந்த வடிவம். 'காயிதா' என்பதன் பன்மை அது. விதிகள் என்பது பொருள். அரபுப் பாடசாலையில் பயின்றோர் நன்கு அறிவர், அம்மொழியில் இலக்கணத்திற்கும் அதுவே பெயர். ஆக, மைதானத்தில் நடப்பது கால்களின் இலக்கணம். நம் தோட்டக்காரர் வழக்கில் மரக்கிளைகளைக் கழித்துச் சீர் செய்தலும் கவாத்துத்தான். பட்டுப்போனதையும் திசைமாறி வளர்ந்ததையும் மட்டுமே வெட்டவேண்டும். தளிரை வெட்டினால் மரம் கெடும் என்பது அவர்கள் கண்ட விதி. பயிற்சிப் பள்ளியிலும் அவ்விதி செல்லும் என்பது எம் எண்ணம்.

வடநாட்டுக் காவல் அகாதெமிகளில் கவாத்துக் கற்பிப்பவரைப் பயிற்சி அதிகாரிகள் 'உஸ்தாத்' என்றே அழைப்பர். அச்சொல்லே தமிழில் வஸ்தாது ஆயிற்று. சிலம்பமும் குத்துவரிசையும் கற்பிப்போரை நம் பகுதியில் இன்றும் அப்படி அழைப்பதுண்டு. மதரஸா ஆசிரியரும் உஸ்தாதுதான். அம்மரபில் ஒரு நூலைக் கற்றவர் அதனைப் பிறர்க்குக் கற்பிக்கத் தம் ஆசிரியரிடம் 'இஜாஸா' என்னும் ஒப்புதல் பெறவேண்டும். கற்றது வேறு, கற்பிக்கும் தகுதி வேறு என்பதை அம்மரபு தெளிவாகப் பிரித்துக் கண்டது.

நன்னூல் காட்டும் அளவுகோல்

இதனை நம் தமிழ் மரபும் கண்டதே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தியார், எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன் ஆசிரியர் யார், ஆசிரியர் ஆகாதார் யார் என்பதைப் பாயிரத்தில் வரையறுக்கிறார். ஆகாதார்க்கு அவர் காட்டும் உவமைகள் நான்கு. அவற்றைக் காவற்பள்ளியில் வைத்துப் பார்ப்பின் வியப்பாகப் பொருந்துகின்றன.

முதலாவது கழற்காய் பெய்த குடம். இட்ட முறையில் வராமல் எல்லாம் முறைமாறி ஒருங்கே கொட்டும். கைது பற்றிச் சொல்லத் தொடங்கிச் சாட்சியத்திற்குத் தாவி, இடையே தம் பணிக்காலப் பெருமைகளைப் பேசி முடிக்கும் ஆசிரியர் இவர். இரண்டாவது மடல் சூழ்ந்த பனை. அது தானே உதிர்த்தால் உண்டு. ஏறிப் பறிக்க இயலாது. ஐயம் கேட்டால் தண்டனை என்று அஞ்சும் வகுப்பு எல்லாம் மடற்பனையே. சீருடைத் துறையில் மேலாளர்க்கு அடங்கல் இன்றியமையாதது. ஆனால் மைதானத்து அடக்கம் வகுப்பறைக்குள்ளும் அப்படியே வந்தால் வினா இறந்துவிடும். மூன்றாவது பருத்தி அடைத்த குண்டிகை. அரிதின் அடைத்ததை அரிதினே வெளியே எடுக்கவேண்டும். இருபதாண்டுப் பழைய குறிப்பேட்டை விடாதார் இவ்வினம்.

நான்காவது முடத்தெங்கு. நீர் வார்த்தவர் ஒருவர் இருக்க, வேலிக்கு அப்பால் சாய்ந்து அடுத்த வீட்டுக் கொல்லையில் காய் உதிர்க்கும் தென்னை. தென்னை சூழ்ந்த இந்நாட்டினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பயிற்சிப் பள்ளிக்கென நியமிக்கப்பட்டவர் திருவிழாப் பாதுகாப்புக்கும் தேர்தல் பணிக்கும் அனுப்பப்பட, வகுப்பு ஆளின்றிக் கிடக்கும் நிலையை நாம் இதனோடு ஒப்பிடுகிறோம். இங்கே குற்றம் தென்னை மீது அன்று; சாய்த்துக் கட்டியவர் மீதே ஆகும்.

நிறுவனங்கள் வந்த வழி

1861ஆம் ஆண்டின் காவற் சட்டம் படையை அமைத்தது. அதற்குக் கற்பிப்பதைப் பற்றி அது பெரிதும் கவலை கொள்ளவில்லை. ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையில் 1902-03இல் அமைந்த ஆணையமே காவலர்க்குப் பள்ளிகளும் அதிகாரிகளுக்குக் கல்லூரிகளும் மாகாணந்தோறும் வேண்டும் என்று வலியுறுத்தியது. நம் பகுதியினர் பலர் சென்று பயின்ற வேலூர்க் கோட்டைப் பயிற்சிப் பள்ளி பெயர் பெற்றது. விடுதலைக்குப் பின் 1948இல் ஆபு மலையில் தோன்றிய மத்தியக் காவற் பயிற்சிக் கல்லூரியே, 1975இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று சர்தார் வல்லபாய் படேல் பெயரைத் தாங்கி நிற்கும் தேசியக் காவல் அகாதெமி ஆகும். நம் மாநில அகாதெமி வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ளது.

கட்டடங்கள் எழுந்தன, கற்பிப்பவர் பற்றிய கேள்வி பிந்தியே எழுந்தது. சமூகவியல் அறிஞர் எம்.எஸ். கோரே தலைமையில் 1971இல் அமைக்கப்பட்டு 1973இல் அறிக்கை தந்த காவற் பயிற்சிக் குழுவை இவ்விடத்து நன்றியோடு நினைக்கவேண்டும். குற்றத் தடுப்பு, சட்டம் ஒழுங்கு என்ற எல்லைக்குள் நின்ற பயிற்சியை மனித நடத்தையைப் புரிந்துகொள்ளுதல், நலிந்தோர்பால் பரிவு என்னும் திசைக்கு அக்குழு விரித்தது. கல்வித் துறையிலிருந்து வந்த ஒருவரைத் தலைவராக்கியதனால் நேர்ந்த நன்மை இது என்று நாம் கருதுவதில் தன்னலம் சிறிது இருக்கலாம்!

ஆயினும் பாடத்திட்டம் விரிந்தால் மட்டும் போதாது. பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் என்றால் ஒதுக்கப்பட்டதாகக் கருதும் மனப்பான்மை நாடெங்கும் சீருடைத் துறைகளில் நெடுங்காலமாக உண்டு. இதனை மாற்றவே மத்திய அகாதெமிகளின் பயிற்றுநர்க்குத் தனிப்படி தரப்படுகிறது. ஏழாம் ஊதியக் குழுவிற்குப் பின் அது அடிப்படை ஊதியத்தில் 24 விழுக்காடு. மாநிலக் காவற்பள்ளிகளின் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தருவதை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டு போபாலில் மத்தியக் காவற் பயிற்சி அகாதெமி நிறுவப்பட்டுள்ளது. மத்திய அரசின் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை, நேரடிப் பயிற்றுநர் திறன், பயிற்சி வடிவமைப்பு எனும் இரு குறும்படிப்புகளை வகுத்துள்ளது. ஒவ்வொன்றும் ஐந்து நாள் அளவினது. படைக்கலம் கற்பிப்போர்க்கு எல்லைப் பாதுகாப்புப் படை இந்தூரில் நடத்தும் பள்ளி உண்டு.

வழி இருக்கிறது என்பதே இதனால் பெறப்படுவது. இப்படிப்புகளை முடித்தவர்தாம் வகுப்பில் நுழையலாம் என்னும் கட்டாயம் வேண்டும் என்பதே நாம் சொல்வது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 1959இல் அமைந்த காவலர் தரம் மற்றும் பயிற்சி ஆணையம், அகாதெமி ஆசிரியர்க்கெனச் சான்றிதழ் முறையை வைத்துள்ளது. துப்பாக்கி, ஊர்தி ஓட்டுதல், தற்காப்பு, கைது செய்யும் முறை போன்ற இடர் மிகுந்த பாடங்களைக் கற்பிப்பவர் அவ்வப் பாடத்திற்குத் தனிப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும். அந்நாட்டுக் காவலர் அனைவரும் குறையற்றவர் என்று யாரும் சொல்லமாட்டார். நாளிதழ் படிப்போர் அறிவர். எனினும், ஆசிரியரை முதலில் ஆசிரியர் ஆக்கு என்னும் அந்நெறி நாம் கொள்ளத்தக்கதே.

புதுச் சட்டங்களும் பழைய குறிப்பேடும்

இவ்வினா இன்று மேலும் கூர்மை பெறக் காரணம் உண்டு. 2024 சூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்ற விசாரணை முறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றின் இடத்தில் புதிய மூன்று சட்டங்கள் வந்துவிட்டன. திரைப்படம் பார்ப்போர்கூட அறிந்திருந்த 302 என்னும் கொலைப் பிரிவு இப்போது 103 ஆகிவிட்டது. முதல் தகவல் அறிக்கைக்குரிய 154ஆம் பிரிவின் இடத்தில் 173 நிற்கிறது. எண் மாற்றம் எளிது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்திற்கு வருதல், சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்தல், எல்லை பாராது புகாரைப் பதிதல் ஆகியவை செயல் மாற்றங்கள். தாமே ஒருமுறையும் செய்து பாராத ஒன்றை ஒருவர் எங்ஙனம் கற்பிப்பார்? ஆகவே தகுதி என்பது ஒருமுறை பெற்று உறையிலிட்டு வைக்கும் சான்றிதழாக இருத்தல் ஆகாது. குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவும், இடையே நிலையப் பணிக்குச் சென்று மீளவும் வழி வேண்டும்.

மற்றொன்றும் உண்டு, சொல்ல மனம் கூசுகிறது. கைது செய்யப்பட்டவரை எங்ஙனம் நடத்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996 திசம்பரில் பதினொரு கட்டளைகளை வகுத்தது. அவை பயிற்சிப் பள்ளிகளில் மனப்பாடமாக ஒப்பிக்கப்படுகின்றன. ஆயினும் 2020 சூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமாக இருவர் காவல் துறையின் பிடியில் துன்புற்று உயிரிழந்தனர். கற்பித்தல் ஒன்றே இத்தகைய கொடுமையைத் தடுக்கும் என்று நாம் சொல்லவில்லை. மேற்பார்வையும் தண்டனையும் வேண்டும். ஆனால் பயிற்சிக் காவலரைக் கூச்சலாலும் வசையாலும் வழிநடத்தும் ஆசிரியர், தம்மை அறியாமலேயே மற்றொரு பாடத்தையும் கற்பித்துவிடுகிறார். ஏழு மாத அளவு அப்பாடத்தைக் கேட்டவர் நிலையத்தில் தமக்குக் கீழ் நிற்கும் மனிதரிடம் அதனைத் திருப்பிச் சொல்வார். எனவே ஆசிரியராகத் தேர்வு பெறுவோரின் பணிப் பதிவேட்டில், பொதுமக்களைத் துன்புறுத்தியதாகத் தண்டனை இல்லை என்பது முதல் தகுதியாக இருக்கவேண்டும். பட்டங்கள் அதற்கு அடுத்து வரட்டும். சட்டம் கற்பிக்க வழக்கறிஞரையும், மனநலம் கற்பிக்க மருத்துவரையும், புகார் எழுதும் தமிழுக்குத் தமிழாசிரியரையும் வெளியிலிருந்து அழைப்பதிலும் பிழையில்லை.

நம் தஞ்சைத் தரணிக்கு இது தொலைவான செய்தியன்று. 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகத்தில் ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். நாகூர்க் கந்தூரியும் வேளாங்கண்ணித் திருவிழாவும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோரை இப்பகுதிக்கு ஈர்க்கின்றன. கூட்டம் நெருங்கும்போது கயிற்றை எப்போது விடுவது, எந்த வழியை எப்போது அடைப்பது என்பவை கவாத்து மைதானத்தில் மட்டும் கற்றுவிடக் கூடியவை அல்ல. கூட்டத்தை நேரில் நடத்திய அனுபவமும், அதனை வரைபடமிட்டு விளக்கும் திறனும் ஒருங்கே பெற்றவர் கற்பிக்கவேண்டும். அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அன்று குளக்கரையில் நிற்கப்போகும் இளங்காவலருட் பலர் இப்போது பயிற்சியில் இருக்கலாம். இன்னும் சிலர் நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர்.

மடைப் பாடம் நடத்திய அந்த உதவி ஆய்வாளர் ஓய்வு பெற்றுவிட்டாராம். அவர் கரும்பலகையில் எழுதிப் போட்ட சொற்களை எம் மாணவர் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைத்திருக்கிறார். விடைபெறுமுன் அதனை எம்மிடம் காட்டி, விடுபட்டவற்றைச் சேர்த்துத் தருமாறு கேட்டார். வாய்க்கால், கன்னி, கொறம்பு, போர், களம், நடவு முறை என்று தொடங்கி அன்று மாலை மூன்று பக்கம் எழுதிக்கொடுத்தோம்.