மாற்றாந்தந்தையின் பெயரைக் குழந்தைக்கு இடுதல்

மாற்றாந்தந்தையின் பெயரைக் குழந்தைக்கு இடுதல் என்பது, மறுமணம் செய்துகொண்ட தாய், முந்தைய மணத்தில் பிறந்த தன் குழந்தையின் குடும்பப்பெயரையோ தலைப்பெழுத்தையோ (இனிசியல்) புதிய கணவரின் பெயருக்கு ஏற்ப மாற்றுவதைக் குறிக்கும். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. காப்பாளர், தத்தெடுப்பு, பிறப்புப் பதிவு ஆகியவை பற்றிய சட்டங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் இதனை நெறிப்படுத்துகின்றன. பெயரை மாற்றுவதால் மட்டும் மாற்றாந்தந்தை சட்டப்படி தந்தையாகிவிடுவதில்லை. அதற்குத் தத்தெடுப்பு தேவை.

தமிழ்நாட்டு வழக்கம்

தமிழர்களில் பெரும்பாலோர் குடும்பப்பெயரைப் பயன்படுத்துவதில்லை. தந்தையின் பெயரின் முதல் எழுத்தே தலைப்பெழுத்தாக அமைகிறது. ஆகவே பிற மாநிலங்களில் குடும்பப்பெயர் பற்றி எழும் கேள்வி, இங்கு தலைப்பெழுத்து பற்றியதாகவும் சான்றிதழ்களில் தந்தை பெயர் பற்றியதாகவும் எழுகிறது.

காப்பாளர் உரிமை

1956 ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, தந்தையையும் அவருக்குப் பின் தாயையும் இயற்கைக் காப்பாளராகக் கூறுகிறது. 'தந்தை' என்னும் சொல் மாற்றாந்தந்தையை உள்ளடக்காது என்று அப்பிரிவின் விளக்கம் தெளிவாக்குகிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999 இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தந்தை உயிருடன் இருக்கும்போதும், அவர் குழந்தையின் பொறுப்பை ஏற்காத நிலைகளில் தாய் காப்பாளராகச் செயற்படலாம் என்றது.

2022 ஆம் ஆண்டுத் தீர்ப்பு

இப்பொருளில் முதன்மையான தீர்ப்பு, அகெல்லா லலிதா எதிர் கொண்டா ஹனுமந்த ராவ் வழக்கில் 2022 சூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கியதாகும். குழந்தை பிறந்த சில மாதங்களில் தந்தை 2006 இல் இறந்தார். தாய் 2007 இல் மறுமணம் செய்துகொண்டார். தந்தைவழிப் பாட்டன் பாட்டியர் காப்பாளர் உரிமை கோரி 2008 இல் மனுச் செய்தனர். 2014 இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், குழந்தைக்கு முதல் தந்தையின் குடும்பப்பெயரை மீண்டும் இடவும், ஆவணங்களில் இயற்கைத் தந்தையின் பெயரைக் காட்டவும், அது இயலாவிடில் தாயின் கணவரை 'மாற்றாந்தந்தை' எனக் குறிக்கவும் உத்தரவிட்டது.

உச்ச நீதிமன்றம் இவ்வுத்தரவை நீக்கியது. தந்தை இறந்தபின் ஒரே இயற்கைக் காப்பாளரான தாய்க்குக் குழந்தையின் குடும்பப்பெயரை முடிவு செய்யும் உரிமை உண்டு என்றது. 'மாற்றாந்தந்தை' என ஆவணத்தில் குறிப்பது குழந்தையின் மனநலத்தையும் தன்மதிப்பையும் பாதிக்கும் எனக் கண்டித்தது. மனுவில் கோரப்படாத ஒன்றை உயர் நீதிமன்றம் வழங்கியதும் தவறு எனச் சுட்டியது.

இத்தீர்ப்பு தந்தை இறந்த நிலையைப் பற்றியது. மணமுறிவுக்குப் பின் தந்தை உயிருடன் இருப்பின் அவருடைய உரிமைகளும் கருதப்பட வேண்டும்.

தத்தெடுப்பு

இந்துக்களுக்கு 1956 ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் பொருந்தும். முக்கிய விதிகள்:

• பொதுவாகக் குழந்தை 15 வயது நிறையாததாக இருக்க வேண்டும்.
• இயற்கைத் தந்தை உயிருடன் இருப்பின், சில விலக்குகள் தவிர, அவருடைய இசைவு தேவை.
• மாற்றாந்தந்தைக்கு ஏற்கெனவே இந்துவான மகன் இருப்பின், இச்சட்டப்படி மனைவியின் மகனைத் தத்தெடுக்க இயலாது.
• தத்தெடுப்புக்குப் பின் குழந்தைக்கு இயற்கைத் தந்தையின் குடும்பத்துடனான சட்ட உறவு அற்றுப்போகும். எனினும் முன்னரே குழந்தைக்கு உரித்தான சொத்து அதனிடமே இருக்கும்.

2015 ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் வழியாகவும் மாற்றாந்தந்தை தத்தெடுக்கலாம். இது எல்லா மதத்தினருக்கும் திறந்துள்ளது. 2022 செப்டம்பர் முதல் இதற்கான ஆணையை மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார்.

ஆவணங்கள்

பெயர் மாற்றம் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடப்படுகிறது. ஆனால் இவ்வெளியீடு பிறப்புப் பதிவேட்டிலுள்ள தந்தையின் பெயரைத் தானாக மாற்றாது. பிறப்புப் பதிவு குடும்பம் வசிக்கும் இடத்தில் அன்றி, குழந்தை பிறந்த இடத்தில் செய்யப்படுகிறது. எடுத்துக்காட்டாக, செங்கல்பட்டு மாவட்டத்துச் சிட்லபாக்கம் முன்பு பேரூராட்சியாக இருந்து 2021 இல் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. அங்கு பிறந்த குழந்தையின் பதிவுக்கு இம்மாநகராட்சியை அணுக வேண்டும். சிட்லபாக்கத்தில் வசித்தாலும் சென்னை மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குச் சென்னை மாநகராட்சியே உரிய இடமாகும். இளஞ்சிறார் நீதிச் சட்டப்படியான ஆணையை வழங்குபவர் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ஆவார்.

கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் தாய், தந்தை, காப்பாளர் ஆகியோரில் ஒருவர் பெயரைத் தந்தாலே போதும் என 2016 டிசம்பரில் விதி தளர்த்தப்பட்டது.