முதல் ஆறு வயசு: எந்தத் துறையைக் கேட்கணும், எப்படிக் கேட்கணும்?

அக்கா மகனுக்கு அப்போது 2 வயது 4 மாதம். 'அம்மா'கூட வரவில்லை. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்க தாத்தாவும் அப்படித்தான்" என்பது வீட்டில் எல்லோரும் சொன்ன பதில். முதலில் சந்தேகப்பட்டவர் தெருமுனை பால்வாடி டீச்சர். பாட்டுச் சத்தம் கேட்டால் மற்ற பிள்ளைகள் திரும்புகிறார்கள், இவன் மட்டும் கையில் இருக்கும் பொம்மையையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதைக் கவனித்து, "காதை ஒரு தடவை பார்த்துடுங்கம்மா" என்றார்.

எங்கே போய்ப் பார்ப்பது? ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றார். அங்கே போனால் பெரியாஸ்பத்திரி என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி வரிசையில் நின்ற பிறகு, "சின்னப் பசங்களுக்கு வேற கட்டடம்" என்றார்கள். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், வயல் வேலை. எட்டு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் பெரா பரிசோதனை எடுத்தபோதுதான் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது.

இப்போ காதுக் கருவி போட்டிருக்கான், வாரா வாரம் பேச்சுப் பயிற்சிக்குப் போறான். ஆனால் ஒரு குழந்தை சுற்றியிருக்கும் பேச்சையெல்லாம் அள்ளி எடுத்துக்கொள்ளும் வயது அது. அதில் எட்டு மாதத்தைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: அவனுக்குத் தேவையான எல்லாமே ஏற்கெனவே இருந்தது. அந்தக் கட்டடமும் இருந்தது. அங்கன்வாடிக்கே வந்து பரிசோதிக்கும் டாக்டர் குழுவும் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

ஒரு குழந்தை, நாலு துறை

நாம் இன்னும் பால்வாடி என்றே சொல்லும் அங்கன்வாடி, சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் கீழ் வருகிறது. மாநிலம் முழுக்க 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். ஆனால் அங்கே நடக்கும் எல்லாமே அந்தத் துறையின் வேலை இல்லை. தடுப்பூசி போடும் கிராம சுகாதார செவிலியர் சுகாதாரத் துறை. கட்டடமும் சுற்றுச்சுவரும் கிராமத்தில் என்றால் பெரும்பாலும் ஊரக வளர்ச்சித் துறையும் ஊராட்சியும். பள்ளி வளாகத்தில் நடக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்றால் பள்ளிக் கல்வித் துறையும் உள்ளே வருகிறது.

அங்கன்வாடியில் கிடைக்க வேண்டியவை ஆறு: இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து மற்றும் சுகாதார ஆலோசனை. சத்துமாவு, வாரம் மூன்று முட்டையோடு மதியச் சாப்பாடு, 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். அதிகம் தெரியாதது நடுவில் இருக்கும் பரிசோதனையும் பரிந்துரையும்.

2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில், டாக்டர்கள் அடங்கிய நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வருடத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். அவர்கள் பார்ப்பது நாலு விஷயம்: பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சியில் தாமதம். நடக்கத் தாமதம், பேசத் தாமதம், காது, கண், இதய ஓட்டை, உதடு பிளவு எல்லாம் இதில் அடங்கும். சந்தேகம் இருந்தால் 'மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம்' என்ற இடத்துக்கு அனுப்புவார்கள். பெயர் நீளமாக இருக்கிறது, அதனால்தானோ என்னவோ யார் வாயிலும் நிற்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இது இருக்கும். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். அக்காவிடம் 'வேற கட்டடம்' என்று சொன்னார்களே, அது இதுதான்.

உங்க குழந்தை அங்கன்வாடிக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. பெயர் பதிவு செய்திருந்தால் போதும். அந்தக் குழு வரும் தேதியை டீச்சரிடம் கேட்டு வைத்து, அன்றைக்குத் தூக்கிக்கொண்டு போங்க.

இப்படி ஒரு ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

1972-ல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி மத்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. சாப்பாடு தனி, படிப்பு தனி, மருத்துவம் தனி என்று பிரிக்காமல் ஒரே இடத்தில் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது வலு சேர்த்தது. (இவர் எழுத்தாளர் கிருத்திகாவின் மகள் என்பது எனக்கே சமீபத்தில்தான் தெரியும்.) 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது.

தமிழ்நாடு அதோடு நிற்கவில்லை. 1980-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளை மாதா மாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்து அதற்குத் தனியாக மூன்று மாதம் கூடுதல் உணவு கொடுத்தார்கள். இன்று டீச்சர் எடை போட்டு எழுதும் அட்டையை ஒரு சடங்காக நினைக்காதீங்க. குழந்தை மெலிவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தக் கோட்டில் தெரிந்துவிடும். 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, 2 வயது முதலான குழந்தைகளுக்கும் மதியச் சாப்பாடு வந்தது. மிகக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக 2022-ல் நீலகிரியில் தொடங்கப்பட்ட 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டமும் அந்தப் பழைய எடைத் தராசின் பேரன் என்றுதான் சொல்லணும்.

கேட்டதால் வந்தவை

இந்தச் சேவைகளில் பல, யாரோ விடாமல் கேட்டதால் வந்தவை. உணவுக்கான உரிமை கேட்டு பியுசிஎல் அமைப்பு 2001-ல் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று வந்த உத்தரவு முக்கியமானது. நாடு முழுவதும் 14 லட்சம் அங்கன்வாடிகள் வேண்டும். ஒரு குடியிருப்பில் 6 வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருந்து, அங்கே மையம் இல்லை என்றால், மக்கள் கேட்ட 3 மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்றது. பிறகு 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணி, பாலூட்டும் தாய், 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தை ஆகியோருக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு என்பதைச் சட்டப்படியான உரிமை ஆக்கியது. அதாவது சத்துமாவு பாக்கெட் வரவில்லை என்று கேட்பது கெஞ்சல் இல்லை, அது உங்க உரிமை.

நம் மாநிலத்தில் சமீபத்திய உதாரணம் 2022. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டிருந்தது. 2022 ஜூனில் அந்த வகுப்புகள் பள்ளிக் கல்வித் துறையிடமிருந்து கைமாறும் என்று அறிவிப்பு வந்ததும் பெற்றோரும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில நாட்களிலேயே பழைய முறையே தொடரும் என்று அரசு அறிவித்தது. அதே வருடம் ஏப்ரலில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது குஜராத் பணியாளர்கள் தொடுத்த வழக்கு. எடை போடுவது, சமைப்பது, பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, செயலியில் பதிவது என்று ஒருவரே எல்லாம் செய்யும்போது அவருடைய நிலைமையும் குழந்தையின் நிலைமையும் வேறு வேறு இல்லை.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. அங்கன்வாடி சாயங்காலம் வரை இருப்பதில்லை, கூலி வேலைக்கும் கம்பெனிக்கும் போகும் அம்மாக்கள் திரும்ப ஆறு மணி ஆகும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. கட்டட வேலை, வீட்டு வேலை செய்பவர்களுக்கு அது எட்டாது. தமிழ்நாடு ஃபோர்சஸ் போன்ற கூட்டமைப்புகள் காப்பகங்களுக்காகப் பல வருடங்களாகக் குரல் கொடுத்து வருவது இதனால்தான்.

நீங்க என்ன செய்யலாம்?

கர்ப்பம் உறுதியானதுமே பிக்மி எண் வாங்கிவிடுங்க. கிராம சுகாதார செவிலியரிடம் வாங்கலாம், போனிலேயே பிக்மி இணையதளத்தில் நீங்களும் பதியலாம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் (பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய்), பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் வேணும். 12 வாரத்துக்குள் பதிவது நல்லது.

அங்கன்வாடியில் உங்க குழந்தையின் எடையும் உயரமும் போஷன் டிராக்கர் செயலியில் பதிவாகும். "இந்த மாசம் எவ்வளவு? போன மாசம் எவ்வளவு?" என்று கேளுங்க, எண்ணை உங்க போனில் குறித்து வையுங்க. குழந்தையின் மேற்கையைச் சுற்றி ஒரு நாடாவால் அளப்பார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை அது 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போகணும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது. வேலைக்காக வேற ஊருக்குப் போறீங்களா? பதிவைப் புது ஊர் மையத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்க.

உணவு வரவில்லை, மையம் திறப்பதில்லை என்றால் முதலில் டீச்சரிடமே காரணம் கேளுங்க, பல நேரம் அவருக்கே சப்ளை வந்திருக்காது. அடுத்து மேற்பார்வையாளர், அதற்கு மேல் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர். அங்கும் முடியாவிட்டால் 1100-க்குப் போன் போட்டு 'முதல்வரின் முகவரி'யில் பதியலாம், மனு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்க. திங்கள்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். உடல்நல ஆலோசனைக்கு 104. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

கட்டடம், தண்ணீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் என்றால் கிராம சபைதான் சரியான இடம். வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனியாகப் போவதைவிட நாலு அம்மாக்கள் சேர்ந்து போனால் நல்லது. வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து, தீர்மானமாக எழுதச் சொல்லி, நகல் கேளுங்க.

அக்கா இந்த மே 1 கிராம சபைக்குப் போனாள். பால்வாடிக் கழிப்பறைக்குக் கதவு இல்லை, குழந்தைகள் ரோட்டோரம் போகிறார்கள் என்று ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தீர்மானத்தைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கதவு இன்னும் வரவில்லை. ஆகஸ்ட் 15-க்கு மறுபடி போகிறாள். இந்த முறை பன்னிரண்டு பேர்.