நெசவாளரின் மணிக்கட்டு

காஞ்சிமாநகரின் பிள்ளையார்பாளையத்தில் இன்றும் தறியோசை கேட்கிறது. கோர்வைப் புடவையில் கரையையும் உடலையும் இணைக்க மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். அறுந்த பட்டிழையைக் கண்ணைவிட விரலே நன்கு அறியும். அவ்விரல் மரத்துப்போனால் நெசவாளர் என் செய்வார்?

மருத்துவனாகிய என்னிடம் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் வந்தார். "ஐயா, நடுச்சாமத்தில் கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். உதறினால்தான் தெளிகிறது. பகலில் இழை பிணைக்க வரவில்லை" என்றார். வாயு என்று எண்ணி, தைலம் தேய்த்தே ஓராண்டைக் கழித்திருந்தார். சுண்டுவிரலும் மரக்கிறதா என்று கேட்டேன். அது மட்டும் இல்லை என்றார். நோய் எங்கே இருக்கக்கூடும் என்பதை அவ்விடையே உணர்த்தியது.

மணிக்கட்டில் எலும்புகளுக்கும் அவற்றின்மேல் போர்த்த தடித்த நார்ப்பட்டைக்கும் இடையே குறுகிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அவ்வழியே செல்கின்றன. பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது அந்நரம்பே. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. வழியில் வீக்கம் உண்டானால் நரம்பு நசுங்கும். இதுவே கார்ப்பல் டனல் நோய். ஓயாத கைவேலை, நீரிழிவு, தைராய்டுக் குறை, கருவுற்ற காலம் ஆகியவை இதற்கு இடந்தரும்.

முதலில் இரவில் மணிக்கட்டை நேராக வைத்துச் சிம்பு கட்டுகிறோம். அடங்காவிடில் ஸ்டீராய்டு ஊசி. 1948-இல் அமெரிக்காவில் ஹென்ச் என்னும் மருத்துவர் கார்ட்டிசோனை மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்து வியப்பான பயன் கண்டார்; 1950-இல் அவருக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வினத்து மருந்தையே மணிக்கட்டில் செலுத்துகிறோம். அது வீக்கத்தைத் தணிக்கிறது, நரம்பு மூச்சுவிடுகிறது.

என் நெசவாளருக்கும் ஊசி போட்டேன். இரு வாரத்தில் நிம்மதியாக உறங்கினார். நின்றுபோன புடவையை நெய்து முடித்தார். நோய் தீர்ந்தது என்றே நம்பி, மீண்டும் மரத்தபோதும் வராதிருந்துவிட்டார். அவர் திரும்பி வந்தபோது பெருவிரலின் அடிச்சதை மெலிந்திருந்தது. நார்ப்பட்டையை அறுத்து நரம்பை விடுவித்த பின்னும் பழைய நுண்ணுணர்ச்சி முழுதும் மீளவில்லை. ஊசி போட்ட அன்றே நான் இன்னும் அழுத்தமாக எச்சரித்திருக்க வேண்டும். அக்குறை என்னுடையது.

சுவீடனில் 111 நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வும் இதனையே காட்டுகிறது. 80 மில்லிகிராம் மெதில்பிரட்னிசலோன் பெற்றவர்களில் 73 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டனர்; வெற்று ஊசி பெற்றவர்களில் 92 சதவீதத்தினர். ஊசி பயனற்றதன்று, ஆயின் பலருக்கு அது தருவது தவணையே.

ஆகவே நேயர்களே, ஊசி போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம். நீரிழிவு உள்ளோர் முன்னரே சொல்லிவிடுங்கள். சில நாள்கள் சர்க்கரை ஏறும். ஊசி ஏறும்போது விரல்களில் மின்னல் பாய்ந்தாற்போல் இருந்தால் அக்கணமே கூறுங்கள். வலி அடங்கிய பின்னும் குறித்த நாளில் மருத்துவரிடம் செல்லுங்கள். விரல் எந்நேரமும் மரத்திருந்தாலோ, பெருவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ, மற்றோர் ஊசியை நம்பிக் காத்திராதீர்கள். கையில் எடுத்த புடவை முடியட்டும் என்றும் நாள் கடத்தாதீர்கள்.