தாயின் இரத்தம் சொன்ன சாட்சி

ரிச்மண்ட் ரோடு நம்மில் பலர் அன்றாடம் கடந்து செல்லும் சாலை. 1994 மார்ச் இறுதியில் அங்குள்ள ஒரு பங்களாவின் வளாகத்தைப் போலீசார் தோண்டினர். ஒரு மரப்பெட்டி வெளிப்பட்டது. உள்ளே ஓர் எலும்புக்கூடு. மைசூர் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி 1991 மே மாதம் முதல் காணாமற் போயிருந்தார். இது அவர்தானா? முகமும் இல்லை, கைரேகையும் இல்லை.

இங்கேதான் டி.என்.ஏ. சோதனை கைகொடுத்தது. நம் உடலின் உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ.வில் பாதி தாய் தந்தது, பாதி தந்தை தந்தது. அதில் சில பகுதிகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒத்த இரட்டையருக்கு மட்டும் ஒன்றாயிருக்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம் என்று 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்தார். நம் நாட்டில் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் (சி.சி.எம்.பி.) லால்ஜி சிங் 1988இல் சொந்த முறையொன்றை உருவாக்கினார். அதற்கு வழிகாட்டியது கட்டுவிரியன் இனப் பாம்பின் டி.என்.ஏ. என்பது வியப்பான செய்தி!

பெங்களூர் வழக்கில் எலும்புகளும், காணாமற் போனவருடைய தாயாரின் இரத்தமும் அதே சி.சி.எம்.பி.க்குச் சென்றன. இறந்தவர் அந்தத் தாயின் மகளே என்று முடிவு வந்தது.

ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். எலும்பு தன் பெயரைச் சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உறவு வேண்டும். 'இந்தத் தாயின் மகள்' என்பதைத்தான் டி.என்.ஏ. சொன்னது. எந்த மகள் என்பதை உறுதிப்படுத்த மண்டையோட்டைப் புகைப்படத்தோடு பொருத்திப் பார்த்த சோதனை துணைநின்றது. கொன்றது யார் என்பதை மற்றச் சாட்சியங்களே நிறுவின. அவருடைய கணவர் சிரத்தானந்தாவுக்கு 2005இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2008இல் உச்ச நீதிமன்றம் அதை, விடுதலையே இல்லாத ஆயுள் தண்டனையாக மாற்றியது.

விபத்திலோ வெள்ளத்திலோ அடையாளம் தெரியாமற் போனவர்களுக்கும் இதே வழிதான். பெற்றோர் அல்லது பிள்ளைகளின் ஒரு துளி இரத்தம் போதும். உடன்பிறந்தோருடையது அத்தனை தெளிவாகச் சொல்லாது. ஊர்விட்டு ஊர் வந்து, உறவுகள் சிதறி வாழும் நமக்கு இது நினைவிருக்கட்டும். அத்தகைய நேரத்தில் ஊரிலிருக்கும் தாயோ தந்தையோ வந்து இரத்தம் கொடுத்தால்தான், பெயரற்றுக் கிடப்பவர் மீண்டும் வீட்டுப் பிள்ளையாவார்.