காலை 8:44-க்கு கேஸ் வருமா?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா நம்ம குன்னத்தூர். சித்தப்பா ஒரு சாயப்பட்டறையில சூப்பர்வைசர். சும்மா பார்த்துட்டு வரலாம்னு அவர்கூட போனேன். அங்க ஒரு டையிங் மெஷினோட திரையில தேதி 2000 ஜனவரி 1-னு இருந்தது. உள்ள இருக்குற சின்ன பேட்டரி செத்துப்போச்சு. கரண்ட் போய் வந்தா மெஷின் 2000-க்கே திரும்பிடும். நான் பதறிட்டேன். சித்தப்பா சிரிச்சார். "சாயம் ஏறுதல்ல கண்ணு? அதுக்கு எதுக்குத் தேதி?"

அவர் சொன்னது பாதி சரி. ஆனா அதே பட்டறையில, துணி காய வைக்கிற ஸ்டென்டரை இயற்கை எரிவாயுவுக்கு மாத்தலாமான்னு இப்போ பேச்சு ஓடுது. 2018-ல நடந்த ஏலத்துல திருப்பூர் மாவட்டத்துக்கும் நகர எரிவாயு விநியோக உரிமம் கொடுத்தாச்சு. (கேஸ் குழாய்னாலே நம்ம பக்கம் விவசாய நிலப் போராட்டம்தான் ஞாபகம் வரும். அது தனி எபிசோடுக்கான விஷயம்.) எனக்குத் தோணின கேள்வி வேற: தேதி தப்பானா கேஸ் நிக்குமா?

இதே பயம் 1999-ல உலகம் பூரா இருந்தது. வருஷத்தை ரெண்டு இலக்கத்துல எழுதிப் பழகின புரோகிராம்களுக்கு 99-க்கு அப்புறம் 00. கழிச்சா மைனஸ் 99. குளிர் நாடுகள்ல அது குளிர்காலம், நிறைய இடத்துல வீட்டைச் சூடாக்குறதே கேஸ்தான். கரண்ட் போனா ஸ்விட்சைப் போட்டா திரும்ப வந்துடும். கேஸ் அப்படி இல்லைங்க. குழாய்ல அழுத்தம் போயிட்டா, ஒவ்வொரு வீட்டு வால்வையும் அடைச்சு, குழாய்க்குள்ள புகுந்த காத்தை வெளியேத்தி, வீடு வீடா போய் அடுப்பைப் பத்த வைக்கணும். ஒரு நகரம்னா பல நாள் வேலை.

கடைசியில 2000 ஜனவரி 1-ம் தேதி பெரிய அளவுல எங்கயும் கேஸ் நிக்கலை. முன்கூட்டியே சரி பண்ணினது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்லை. கேஸ் குழாயோட அழுத்தத்தைக் குறைச்சு அனுப்புற ரெகுலேட்டர் அடிப்படையில ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் சவ்வும்தான். அழுத்தம் எல்லை மீறினா படக்குனு மூடிக்கிற பாதுகாப்பு வால்வும் பெரும்பாலும் அதே மாதிரிதான். ஸ்பிரிங்குக்கு இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியாது. தெரியவும் வேண்டாம். சித்தப்பாவோட பாதி இது.

என் பாதி கணக்குல இருக்கு. மீட்டர் பக்கத்துல ஃப்ளோ கம்ப்யூட்டர்னு ஒரு பெட்டி இருக்கும். ஓட்டத்தோட வேகத்தை, கடந்த நேரத்தால பெருக்கி, எத்தனை கன மீட்டர் கேஸ் போச்சுன்னு சொல்றது அதுதான். கடந்த நேரம்னா இப்போதைய நேரத்துல இருந்து முந்தைய நேரத்தைக் கழிக்கிறது. கடிகாரம் திடீர்னு பின்னாடி குதிச்சா விடை மைனஸ். புரோகிராம் எழுதினவர் அதை யோசிக்கலைன்னா பில்லு என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

இதைவிடக் கவலையானது கசிவு கண்டுபிடிக்கிறது. ஒரு முனையில உள்ள போன கேஸையும் மறுமுனையில வெளிய வந்த கேஸையும் ஒரே நேரத்துல ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. ரெண்டு முனை கடிகாரமும் ஒத்துப்போகலைன்னா இல்லாத கசிவுக்கு அலாரம் அடிக்கும். நாலு தடவை பொய்யா அடிச்சா, அஞ்சாவது தடவை ஆபரேட்டர் என்ன பண்ணுவார்? அலாரத்தை அணைச்சுட்டு டீ குடிக்கப் போவார். நானும் ஆபீஸ்ல அதையேதான் பண்ணுவேன், பொய் சொல்ல விரும்பலை.

தேதிக் கோளாறு தொழிற்சாலையை நிஜமாவே நிறுத்தினதுக்கும் உதாரணம் இருக்கு. 1996 டிசம்பர் 31 நள்ளிரவு, நியூசிலாந்தோட டிவாய் பாயிண்ட் அலுமினிய ஆலையில 660 கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒரே நேரத்துல நின்னுச்சு. அது லீப் வருஷம். வருஷத்துக்கு 366-வது நாள் ஒண்ணு இருக்கும்னு புரோகிராமுக்குத் தெரியலை. ரெண்டு மணி நேரம் கழிச்சு, ஆஸ்திரேலியாவோட பெல் பே ஆலையிலும் நள்ளிரவு ஆனப்போ அதே கதை. அதே நியூசிலாந்துல 2024 பிப்ரவரி 29 அன்னைக்கு, ஆள் இல்லாம இயங்குற பெட்ரோல் பம்புகள் படுத்துக்கிச்சு. டேங்க்ல பெட்ரோல் இருந்தது. காசு வாங்குற சாஃப்ட்வேருக்கு லீப் நாள் புரியலை.

அடுத்தது 2038. பல கருவிகள் 1970 ஜனவரி 1-ல இருந்து எத்தனை நொடி ஆச்சுன்னு எண்ணித்தான் நேரம் சொல்லும். 32-பிட் எண்ணா அதை வச்சிருந்தா உச்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அது நிறையற நேரம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம்ம நேரப்படி காலை 8:44:07. அடுத்த நொடி அந்தக் கருவிக்கு 1901 டிசம்பர்.

நம்ம போனுக்குப் பிரச்சினை இல்லை, அதுக்குள்ள ஏழெட்டு மாத்திருப்போம். லினக்ஸ் கெர்னல்லயும் 32-பிட் கணினிகளுக்கான திருத்தம் 2020-ல வந்த 5.6-லயே வந்தாச்சு. ஆனா திருத்தம் வர்றது வேற, அது ரோட்டோரத்துல பூட்டின பெட்டிக்குள்ள போய்ச் சேர்றது வேற. கேஸ் கருவிகளை இருபது வருஷம் ஓடணும்னுதான் வாங்குறாங்க. நம்ம பக்கம் குழாயே இப்பத்தான் வருது. அதாவது இன்னைக்கு மாட்டுற மீட்டர் அந்த 8:44-ஐப் பார்க்கும். 1999-ல இருந்தவங்க பழைய குப்பையைச் சுத்தம் பண்ணினாங்க. நமக்கு வாங்கும்போதே கேக்குற வசதி இருக்கு.

கேள்வி ரொம்பச் சின்னது: "மாட்டுறதுக்கு முன்னாடி உங்க இடத்துலயே கடிகாரத்தை 2038 ஜனவரி 19 காலை 8:40-க்கு வச்சு, பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டுங்க." ஓடிட்டிருக்குற லைன்ல இதைப் பண்ணிப் பார்க்காதீங்க, ப்ளீஸ்.

இதை ஒரு சீட்டுல எழுதி சித்தப்பாகிட்ட கொடுத்துட்டு வந்தேன். நேத்து ராத்திரி போன் பண்ணினார். பர்னர் விலை சொல்ல வந்த ஆள்கிட்ட கேட்டாராம். அந்த ஆள் சீட்டை ரெண்டு தடவை படிச்சுட்டு, "2038-லயா? நான் அப்ப ரிட்டயர்டுங்க"ன்னு சொன்னாராம். அதுக்கு சித்தப்பா, "மெஷின் ரிட்டயர் ஆகாதுங்களே, எழுதிக் கொடுங்க"ன்னாராம். கம்பெனியில கேட்டுச் சொல்றேன்னு சீட்டைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டுப் போயிருக்கார். பதில் வந்தா அடுத்த எபிசோட்ல சொல்றேன்.

டையிங் மெஷினுக்குப் பேட்டரி மாத்தியாச்சான்னு கேட்டேன். இன்னும் இல்லையாம்.