கோப்பின் முதல் பக்கமும் கடவுச்சொல்லும்

மருத்துவமனையில் சேரும்போது உங்களுக்கென ஒரு கோப்பு திறக்கப்படுகிறது. பெயர், வயது, ஊர், கைபேசி எண், உடனிருப்பவர் பெயர் யாவும் அதன் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஆய்வகம், எக்ஸ்ரே அறை, மருந்தகம் என அது பலர் கைக்குச் செல்லும். கடவுச்சொல்லை அப்பக்கத்தில் உள்ளவற்றைக் கொண்டே அமைத்துக்கொள்வோர் பலர்.

காப்பீட்டுப் பதிவுக்காக வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் இ-ஆதார் கோப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் கடவுச்சொல், பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. எட்டு இடங்களிலும் எழுத்தோ எண்ணோ எதுவும் வரலாம் என்றால், ஏறத்தாழ 2.8 லட்சம் கோடி வாய்ப்புகள் உண்டு. ஆனால், அமைக்கும் முறை ஊரறிந்தது. முருகன், முருகேசன், முருகேஸ்வரி மூவருக்கும் முதல் 4 எழுத்துகள் ஒன்றே. பெயர் தெரிந்தவர் ஏறக்குறைய 100 ஆண்டுகளை முயன்றால் போதும். வயதும் தெரிந்தால் இரண்டே முயற்சி! இம்முறையை நாம் மாற்ற இயலாது. ஆகவே அதைப் பூட்டில்லாத கோப்பாகவே கருதி, உரியவருக்கு மட்டும் அனுப்புங்கள். கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் ஆதார் படி போதுமெனில் அதையே கொடுங்கள்.

பிறந்த தேதியும் அவ்வாறே. எட்டு இலக்கங்களுக்கு 10 கோடி வாய்ப்புகள்; ஒரு நூற்றாண்டின் நாள்களோ சுமார் 36,500 மட்டுமே.

ஏ.டி.எம்.மில் சில முறை தவறினால் அட்டை முடக்கப்படும். 4 இலக்க எண் அங்கே தாக்குப்பிடிப்பது அதனால்தான். பிறர் கணினிக்குப் போய்விட்ட கோப்புக்கு அந்தக் காவல் இல்லை. கணினி சலிப்பின்றி முயன்றுகொண்டே இருக்கும்.

மின்னஞ்சலுக்கும் வங்கிச் செயலிக்கும், தொடர்பற்ற சொற்களின் கோவையை நாங்கள் பரிந்துரைக்கிறோம். சுருளி, மேகமலை, வைகை என அடுக்குவதில் பயனில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றது தானே நினைவுக்கு வரும். அகராதியைக் கண்மூடிப் புரட்டி, விரல் படும் சொற்களை எடுங்கள். 2,000 சொற்களிலிருந்து இவ்வாறு 4 எடுத்தால் 16 லட்சம் கோடி வாய்ப்புகள். ஐந்தாவது சொல் அதனை 2,000 மடங்காக்கும். முதியோருக்கும் மனத்தில் நிற்கும். மறந்துவிடுமோ என்ற அச்சமிருந்தால் வீட்டுக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். மருத்துவக் கோப்பின் அட்டையில் வேண்டாம்.

கைபேசியின் திரைப்பூட்டை மட்டும் நம்பிக்கைக்குரிய ஒருவர் அறிந்திருக்கட்டும். நினைவிழந்து வருபவரின் கைபேசி பூட்டியிருந்தால், உறவினரை அழைக்க எங்களுக்கு வழியிருக்காது. பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசரத் தொடர்பு எண்ணைப் பதியும் வசதி பெரும்பாலான கைபேசிகளில் உண்டு. அதில் ஒவ்வாமை மருந்துகளையும் குறித்துவிடுங்கள்.