சார்லமேன் வரை ஒரு கொடிவழி

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வசதியான குடும்பங்கள் தங்கள் பூர்வீகத்தை ஆள் வைத்து எழுதி வாங்கின. தோல் அட்டையும் குலச்சின்னமுமாகப் புத்தகம் வீடு வந்து சேரும். நியூயார்க்கில் குஸ்தாவ் அஞ்சு என்பவர் இதையே தொழிலாகச் செய்தார். ஸ்வீடனில் போலி ஆவணக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்துவிட்டு வந்தவர். அஞ்சு என்ற ராஜ வாசனையுள்ள பெயரும் பின்னால் எடுத்துக்கொண்டதுதான். ஒரு வம்சாவளிக்குச் சுமார் 9,000 டாலர் வாங்கினார்.

அவர் எழுதியதில் பெரும்பகுதி உண்மை. உயில்கள் நிஜம், ஞானஸ்நானப் பதிவுகள் நிஜம், ஊர்களும் நிஜம். 1630களில் மசாசூசெட்ஸில் கப்பலிறங்கிய ஒரு விவசாயியை இங்கிலாந்தின் பிரபு வீட்டோடு முடிச்சுப் போட வேண்டிய அந்த ஓரிடத்தில் மட்டும், வேறு யார் கண்ணிலும் படாத ஓர் உயில் முளைத்திருக்கும். முடிச்சு விழுந்துவிட்டால் மேலே ஏறுவது சுலபம். பிரபுவுக்கு மேல் அரசர், அரசருக்கு மேல் 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ரோமில் முடிசூடிய சார்லமேன்.

அந்த முடிச்சுக்கு அன்று அத்தனை கிராக்கி இருந்தது. இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் ஏழைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலம் அது. பழைய குடிகள் தங்களுக்கென்று ஒரு வேலி போட்டுக்கொள்ளத் தவித்தார்கள். அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் சங்கம் 1890இலும் மேஃபிளவர் வாரிசுகள் சங்கம் 1897இலும் பிறந்தன. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பயணிகளில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப் போனார்கள். பசியோடு வந்திறங்கிய அவர்களுடைய பெயரைச் சொல்லியே, அடுத்துப் பசியோடு வந்தவர்களைத் தள்ளி நிறுத்தியது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் போலி வம்சாவளிக் குப்பையைக் கூட்டித் தள்ளியவர்களில் முக்கியமானவர், நியூ ஹேவனில் 1922இல் ஒரு பத்திரிகை தொடங்கிய டொனால்ட் லைன்ஸ் ஜேகபஸ். ‘தி அமெரிக்கன் ஜீனியாலஜிஸ்ட்’ என்று பின்னாளில் பெயர் பெற்றது அதுதான். இவன் அவனுடைய மகன் என்பதற்கு எழுத்து எங்கே? ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இவர் யார், அவர் யார்? அவர் கேட்ட கேள்விகள் இவ்வளவுதான். இவற்றின் முன் நிற்க முடியாமல் பல ராஜ பரம்பரைகள் சரிந்தன. சரியாமல் நின்றவையும் உண்டு.

நின்றவற்றில் ஒன்றைப் பார்க்கலாம். பிரசவம் பார்த்துவந்த ஆன் ஹட்சின்சன் 1634இல் பாஸ்டனுக்கு வந்தார். வீட்டில் பெண்களைக் கூட்டி வைத்து, போதகர்களின் பிரசங்கத்தையே கேள்வி கேட்டார். 1637இல் விசாரணை நடத்தி நாடு கடத்தினார்கள். இன்று ஆயிரக்கணக்கானோர் அரச வம்சத்துக்குள் நுழைவது, அந்தக் குடியேற்றம் விரட்டியடித்த இந்தப் பெண்மணி வழியாகத்தான். இத்தகையவர்களை ‘வாசல் மூதாதை’ என்கிறார்கள். இவருடைய தாய் வழியில் ஏறினால் 1307இல் இறந்த முதலாம் எட்வர்ட் வருகிறார். எட்வர்டிலிருந்து ஏறினால் 1066இல் இங்கிலாந்தை வென்ற வில்லியமும் அவர் மனைவி பிளாண்டர்ஸ் மட்டில்டாவும். மட்டில்டாவின் முன்னோர்களில் ஜூடித். 856இல் சிறுமியாக வெசெக்ஸின் வயதான அரசருக்கு வாழ்க்கைப்பட்டு, அவர் இறந்ததும் அவருடைய மகனையே மணந்து, இருபது வயதுக்குள் இரண்டு முறை விதவையாகி, கடைசியில் தகப்பன் பேச்சை மீறிப் பால்ட்வின் என்பவனோடு ஓடிப்போன பெண். அவளுடைய கொள்ளுத்தாத்தாதான் சார்லமேன்.

ஒரு நூலாகப் பார்த்தால் பிரமிப்புதான். ஆனால் நமக்குப் பெற்றோர் இருவர், தாத்தா பாட்டி நால்வர் என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். நாற்பதாவது தலைமுறையில் ஒரு லட்சம் கோடிக்கு மேல் வரும். அன்று ஐரோப்பாவில் வாழ்ந்தவர்களோ சில கோடிப் பேர். ஒரே ஆள் ஒரே மரத்தில் ஆயிரம் கிளைகளில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தால்தான் கணக்கு நேராகும். ஜோசப் சாங் என்ற புள்ளியியலாளர் 1999இல் இதைக் கணிதமாகவே எழுதினார். ஐரோப்பிய வேருள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் சார்லமேன் முப்பாட்டன்தான். அஞ்சு 9,000 டாலருக்கு விற்ற சரக்கு, அவர் வீட்டு வேலைக்காரருக்கும் இலவசமாகவே இருந்திருக்கிறது.

அப்படியானால் இன்று பூர்வீகம் தேடுகிறவர்கள் தேடுவது எதை? ராஜாவுக்கும் தங்களுக்கும் நடுவில் இருக்கும் நாற்பது பேரின் பெயரை. அந்தப் பெயர்கள் காகிதத்தில் இருக்கின்றன. 1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டதிலிருந்து இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைத்தது. ஆங்கிலேயர் போன இடமெல்லாம் அந்தப் பேரேடும் போனது. பாஸ்டனில் பிறந்து சென்னைக் கோட்டையில் ஆளுநரான எலிஹு யேலின் திருமணம், 1680இல் கோட்டைப் புனித மேரி ஆலயத்தில் நடந்த முதல் திருமணம்.

யூட்டாவின் மார்மன் சபையார் இந்தப் பேரேடுகளை 1938 முதல் உலகெங்கும் நுண்படம் எடுத்தார்கள். கருங்கல் மலையைக் குடைந்து அங்கே பத்திரப்படுத்திய 24 லட்சம் சுருள்களும் 2021இல் கணினிக்கு ஏறிவிட்டன. முன்பு இருட்டறையில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண் வலிக்கப் படித்ததை, இன்று அடுப்பில் பால் பொங்குவதற்குள் கைபேசியில் பார்த்துவிடலாம். அதே வேகத்தில் பொய்யும் ஓடுகிறது. இன்னொருவர் மரத்தை ஒரு தட்டலில் தன் மரத்தோடு ஒட்டிக்கொள்கிறார்கள். அஞ்சுவின் போலி முடிச்சுகள் இன்றும் அப்படித்தான் உயிரோடு இருக்கின்றன.

காகிதமே மறுக்கப்பட்டவர்களுக்கு நிலைமை வேறு. 1998இல் நடந்த மரபணுச் சோதனை, அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சனின் அடிமையாயிருந்த சாலி ஹெமிங்ஸின் வாரிசுகள், தாங்கள் ஜெபர்சனின் வழிவந்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததற்குத் துணை நின்றது. ஆனாலும் 2002இல் ஜெபர்சன் வழித்தோன்றல்களின் சங்கம் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்து வாக்களித்தது. அடிமை விடுதலைக்குப் பின் 1870இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில்தான் கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவை முதன்முதலாகப் பெயரோடு வருகின்றன. 1860இன் அடிமைப் பட்டியலைத் திறந்தால் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, பால், நிறம் என்று வரிசை வரிசையாகக் கட்டங்கள்.

பெயரில்லாத அந்தச் சுவரைத் தாண்ட விரும்புகிறவர்கள் அந்த உரிமையாளரின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் தேடிப் போகிறார்கள். ஏர், குதிரை, செம்புப் பாத்திரம், இறகு மெத்தை என்று விலையோடு போகும் பட்டியலில், நடுவே ஒரு பெண்ணின் பெயரும் அவள் குழந்தையின் பெயரும் வரும். எதிரே டாலரில் ஒரு தொகை. படிக்கிறவர் அந்தத் தொகையை விட்டுவிட்டு, இரண்டு பெயர்களை மட்டும் தன் மரத்தில் எழுதிக்கொள்கிறார்.